படித்ததையே மறுபடி படிப்பது வீணா?

கேள்வி: எனக்கு 64 வயது. பள்ளிக்கூட நாளிலிருந்தே கதைப் பைத்தியம். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டிங் செய்து வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு உலை கொதிக்கும் நேரத்தில்தான் படிப்பு. இப்போது நேரம் நிறைய இருக்கிறது. ஆனால் தர்மபுரி புத்தகத் திருவிழாவில் மகன் வாங்கித் தந்த புது நாவல்களில் 30 பக்கம் தாண்ட முடியவில்லை. கை தானாகப் பழைய பைண்டுக்கே போகிறது. "படிச்சதையே படிச்சா என்ன பிரயோஜனம் அத்தை?" என்கிறாள் மருமகள். நூலகத்தில் பழக்கமான ஒருவர், "இன்னும் தொடர்கதையா?" என்று சிரித்தார். இனி நான் எதைப் படிப்பது? ஒரு பட்டியல் தாருங்கள். பைண்டில் தாள்கள் வேறு தொட்டால் உதிர்கின்றன. அதற்கும் வழி சொல்லுங்கள்.
- ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: அன்புச் சகோதரி,

பட்டியல் தர மாட்டேன். உலை கொதிக்கும் நேரத்தில்கூடத் தேடிப் படித்த உங்களுக்கு இன்னொருவர் பட்டியல் எதற்கு? எதைப் படிக்கிறோம், ஏன் படிக்கிறோம் என்று இந்த வயதில் நீங்கள் யாரிடமும் கணக்கு ஒப்பிக்க வேண்டாம்.

படித்ததைப் படிப்பது வீண் இல்லை. பதினாறு வயதில் அந்தத் தொடர்கதையைப் படித்தபோது, நாயகி யாரைக் கட்டிக்கொள்வாள் என்பதுதான் கவலையாக இருந்திருக்கும். முடிவு தெரிந்த பிறகு அந்தப் பரபரப்பு இல்லை. நாயகியின் அம்மா எந்த இடத்தில் பேச்சை விழுங்கிக்கொள்கிறாள், வீட்டுக் கடன் எந்த அத்தியாயத்தில் தலை காட்டுகிறது, எழுதியவர் எந்தப் பாத்திரத்தைப் பாதியில் மறந்துவிட்டார் என்பதெல்லாம் இப்போதுதான் கண்ணில் படும். குடும்பம் நடத்திப் பார்த்தவருக்குத்தான் அது படும்.

புது நாவல்கள் ஓடாததற்கு ஒரு காரணம் தோன்றுகிறது. வாரத் தொடரில் நாலைந்து பக்கத்துக்குள் ஏதாவது நடந்தாக வேண்டும். அடுத்த இதழைத் தேடிப் போக வைக்கும் முடிச்சோடு 'தொடரும்' போட வேண்டும். உங்கள் வாசிப்பு அந்த நடைக்குப் பழகியது. நேரடியாக நூலாக எழுதும் நாவல் பலவும், ஊரையும் ஆட்களையும் பரப்பி வைக்கவே ஐம்பது பக்கம் எடுத்துக்கொள்ளும். அதைப் பத்துப் பத்து நிமிடமாகப் படித்தால் பிடி கிடைக்காது. ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் ஒட்டவில்லையா, மூடி வைத்துவிடுங்கள். கடமைக்குப் படித்து முடிக்கிற புத்தகம் அடுத்த புத்தகத்தின் மேலிருக்கும் ஆசையையும் கெடுத்துவிடும். இடையில் சிறுகதைகள் படிக்கலாம். ஒரே உட்காரலில் முடியும். கண்ணாடியையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பொடி எழுத்தில் கண் சோர்வதைப் பல நேரம் கதையின் குறை என்று நினைத்துவிடுகிறோம்.

சிரித்தவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது அதில் இரண்டாவது. உயர்ந்த வாசகர், தாழ்ந்த வாசகர் என்று அவர் பிரிக்கவில்லை. வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறவர் நீங்கள். தொடர்கதை வேண்டுமென்றால் தலை நிமிர்ந்து கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, நான் இப்போது தினமும் எடுத்துப் படிப்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அது உங்கள் மண்ணின் பாட்டு. புறநானூற்றில் 87-ஆம் பாட்டிலிருந்து 104 வரை வரிசையாக ஔவையார் பாடியவை. எல்லாம் தகடூர் அதியமானையும் அவன் மகனையும் பற்றியவை. தகடூர் என்றால் உங்கள் தர்மபுரிதான். உ.வே.சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றை அச்சில் ஏற்றினார். இன்று எளிய உரையோடு நூலகத்தில் கிடைக்கும். நாளுக்கு ஒரு பாட்டு போதும்.

நமக்கெல்லாம் நெல்லிக்கனிக் கதைதான் தெரியும். நூறாவது பாட்டில் அதியமான் போர்க்கோலத்தோடு வந்து தன் மகனைப் பார்க்கிறான். பகைவரைப் பார்த்துச் சிவந்த கண், பிள்ளையைப் பார்த்தும் சிவப்பு ஆறவில்லை. அடுத்த பாட்டு உங்கள் மருமகளுக்கும் பிடிக்கலாம்:

"ஒருநாள் செல்லலம் இருநாள் செல்லலம்
பன்னாள் பயின்று பலரொடு செல்லினும்
தலைநாள் போன்ற விருப்பினன் மாதோ"

பல நாள், பலரோடு போனாலும் முதல் நாள் போலவே விருப்பத்தோடு வரவேற்பானாம். உங்கள் பைண்டுகள் உங்களை அப்படித்தான் வரவேற்கின்றன என்று மருமகளிடம் சொல்லுங்கள்.

அதோடு நிறுத்தாமல் 232-ஐயும் எடுங்கள். அதியமான் இறந்துவிட்டான். நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிச் சிறு கலத்தில் கள்ளை வார்க்கிறார்கள். மலை உயர்ந்த நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன் இதை வாங்கிக்கொள்வானா என்று ஔவை கேட்கிறாள். எத்தனை முறை படித்தாலும் அந்தக் கேள்வியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும். தர்மபுரி அரசு அருங்காட்சியகத்தில் இந்த வட்டாரத்து நடுகற்களை வைத்திருக்கிறார்கள். அந்தப் பாட்டைப் படித்த கையோடு மருமகளை அழைத்துக்கொண்டு ஒரு நாள் போய்ப் பாருங்கள்.

அடுத்த புத்தகத் திருவிழாவுக்கு மகனோடு நீங்களும் போங்கள். அட்டையையும் விருதையும் பார்க்காமல், நடுவில் ஒரு பக்கத்தை நின்றபடி படித்துப் பார்த்து நீங்களே எடுங்கள்.

இனி உதிரும் தாள்கள். மரக்கூழில் செய்த மலிவுத் தாளில் உள்ள அமிலம்தான் காரணம். வெயிலும் ஈரமும் அதை வேகப்படுத்தும். செல்லோ டேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். நாளடைவில் பசை மஞ்சளாகித் தாளில் கறையாக இறங்கிவிடும். துருப்பிடித்த ஸ்டேப்ளர் பின் இருந்தால் மெதுவாக எடுத்துவிடுங்கள். சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, வெளிச்சமும் ஈரமும் படாத அலமாரியில் படுக்கை வசமாக வையுங்கள். அதற்கு முன்னால், முதுகு உடையும்படி விரிக்காமல், மகனைச் செல்போனில் பக்கம் பக்கமாகப் படம் எடுக்கச் சொல்லுங்கள். திரையில் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம். ஓவியங்களையும் ஓரத்து விளம்பரங்களையும் வெட்டாமல் முழுப் பக்கமாக எடுக்கச் சொல்லுங்கள்.