பிரிட்டன் ராக் இசைக்குழுவான ரேடியோஹெட்டின் 'கிரீப்' பாடல் முதலில் தோற்று, பிறகு எப்படி வென்றது?

1992 செப்டம்பரில் பிரிட்டன் தரவரிசையில் இப்பாடலுக்குக் கிடைத்த இடம் 78. சரியாக ஓராண்டு கழித்து மறுவெளியீட்டில் 7. நடுவில் நடந்ததெல்லாம் கடல் கடந்து நடந்தவை.

உள்ளூரில் பிபிசி ரேடியோ 1 'சோகம் தூக்கலாக இருக்கிறது' என்று ஒதுக்கிவிட்டது. ஒலிபரப்பாத பாட்டை யார் தேடிப்போய் வாங்குவார்கள்? இஸ்ரேலிலோ, ராணுவ வானொலியின் யோவ் குட்னர் அதைத் திரும்பத் திரும்பப் போட்டார், அங்கே வெற்றி. பிறகு சான் பிரான்சிஸ்கோ வானொலி ஒன்று பிடித்துக்கொள்ள, அமெரிக்க இசை இதழான பில்போர்டின் மாடர்ன் ராக் பட்டியலில் 2ஆம் இடம் வரை போனது. எல்லா வகைப் பாடல்களும் மோதும் ஹாட் 100இல் 34தான். ஆனாலும் புதுக் குழுவுக்கு அது பெரிது.

வானொலிக்காக ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் மாற்றிப் பாடினார்கள். பல்லவிக்குச் சற்று முன், ஜானி கிரீன்வுட்டின் கிட்டார் 'கரக், கரக்' என்று இரும்பைக் கடிப்பதுபோல் உறுமும் இடத்தில் கை வைக்கவில்லை. பாட்டைத் தூக்கி நிறுத்தியது அதுதான் என்பேன்.

வேடிக்கை என்னவென்றால், பிரிட்டனில் மறுவெளியீடு வேண்டாம் என்று முதலில் மறுத்தவர்கள் குழுவினரே.