வங்கி தன் மின் செலவையும் கார்பன் உமிழ்வையும் குறைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேட்டவர் ஒரு வங்கி ஊழியர். அவர்கள் நிர்வாகம் கார்பன் உமிழ்வைக் குறைக்கப் போவதாக அறிவித்துவிட்டதாம். எல்இடி விளக்கு, சூரியத் தகடு, காகிதமில்லா அலுவலகம் என்று ஒரு பட்டியலும் வந்திருக்கிறது. இதில் எதைச் செய்தால் உண்மையில் பலன் தெரியும் என்பது அவர் கேள்வி.

வங்கிக் கட்டடங்களைப் பராமரிக்கும் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன் நான். என்னைக் கேட்டால் அந்தப் பட்டியலைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, ஒரு விடுமுறை நாளில் பூட்டிக் கிடக்கும் கிளையின் மின் மீட்டரைப் போய்ப் பார்க்கச் சொல்வேன்.

வாரத்துக்கு 168 மணி நேரம். காலையில் கதவைத் திறந்து பெருக்குவதிலிருந்து மாலையில் கணக்கை முடித்துப் பூட்டுவது வரை எல்லாம் சேர்த்தாலும் ஒரு கிளையில் ஆள் நடமாட்டம் இருப்பது ஏறக்குறைய 50 மணி நேரம்தான். மீதி 118 மணி நேரம் ஷட்டர் இறங்கியிருக்கிறது. மீட்டர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பகலில் கிளையின் லோடு, அதாவது எல்லாக் கருவியும் சேர்ந்து இழுப்பது, 12 கிலோவாட், பூட்டிய பிறகு 4 கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பகலுக்கு 50 மணி நேரம், 600 யூனிட். பூட்டியிருக்கும் நேரத்துக்கு 118 மணி நேரம், 472 யூனிட். வாரத்துக்கு 1,072 யூனிட்டில் 44 சதவீதம், ஒரு வாடிக்கையாளர்கூட உள்ளே இல்லாதபோது போகிறது. அந்த 4 கிலோவாட்டை 2 ஆக்கினால் மொத்த மின்சாரத்தில் 22 சதவீதம் மிச்சம். அதே கிளையில் விளக்குகளின் பங்கு 2 கிலோவாட் என்று வைத்து, அவற்றை மாற்றி ஒரு கிலோவாட் ஆக்கினால் மிச்சமாவது வாரத்துக்கு 50 யூனிட், அதாவது ஐந்து சதவீதத்துக்கும் குறைவு. எல்இடி வேண்டாம் என்று சொல்லவில்லை, கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் எல்லோர் கண்ணுக்கும் தெரிவது விளக்கு என்பதால்தான் அது பட்டியலில் முதலில் வருகிறது.

சரி, பூட்டிய கிளையில் அப்படி என்னதான் ஓடுகிறது? கேமரா, அதன் பதிவுப் பெட்டி, அலாரம், பெட்டக அறையின் சென்சார், ரவுட்டர். இவற்றில் கை வைக்கக் கூடாது, வைக்கவும் விட மாட்டார்கள். ஆனால் இவை எல்லாம் சேர்ந்தாலும் சில நூறு வாட்தான். மீதியெல்லாம் வேறு கதை. விடிய விடிய எரியும் பெயர்ப்பலகை. தண்ணீரை இரவு முழுக்கக் குளிர்வித்துக்கொண்டிருக்கும் கூலர். மேசைக் கணினிகள். கணினியை ஏன் அணைக்கவில்லை என்று கேட்டால், "ஐடி பிரிவு அணைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க சார், ராத்திரிதான் அப்டேட் வரும்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அணைந்திருக்கும் கணினியை நெட்வொர்க் வழியாக எழுப்பி, அப்டேட் போட்டு, மறுபடி அணைக்கும் வசதி கணினிகளில் வந்து நெடுங்காலம் ஆகிறது. ஐடி பிரிவு மனது வைத்து அதை இயக்கிவிட்டால், ஒரு செலவும் இல்லாமல் கிளைக்குக் கிளை மின்சாரம் மிஞ்சும்.

செலவு குறைவாக, பலன் நிச்சயமாகக் கிடைக்கும் ஒரு வேலை சொல்கிறேன். கிளையின் வயரிங்கை இரண்டாகப் பிரிப்பது. பாதுகாப்புக் கருவிகளும் நெட்வொர்க்கும் ஒரு சுற்றில், மற்றதெல்லாம் இன்னொரு சுற்றில். இரண்டாவது சுற்றுக்கு வாசல் பக்கம் ஒரே ஒரு சுவிட்ச். கடைசியாகப் பூட்டிவிட்டுப் போகிறவர் அதை ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகலாம். எது எதை அணைப்பது, எதைத் தொட்டால் அலாரம் அடிக்கும் என்ற பயம் அவருக்கு இருக்காது. "கிளம்பும்போது அணைக்கவும்" என்று சுவரில் ஒட்டிய தாள்கள் எல்லா அலுவலகத்திலும் இருக்கின்றன. அவை வேலை செய்ததாக எனக்கு நினைவில்லை.

அடுத்தது ஏடிஎம் அறை. இயந்திரம் இழுப்பது அதிகமில்லை. அதன் அறையில் இரவும் பகலும் ஓடும் ஏசி அதைவிடப் பல மடங்கு இழுக்கும். கதவு சரியாக மூடாது, மேலே வெயில் நேராக விழும் கண்ணாடி, உள்ளே 20 டிகிரி. இயந்திரத்தின் கையேட்டில் எந்த வெப்பநிலை வரை இயங்கும் என்று எழுதியிருக்கும், யாராவது எடுத்துப் படித்தால் தெரியும். தானே மூடிக்கொள்ளும் கதவு, கண்ணாடிக்கு வெயில் தடுப்பு, ஏசியைச் சில டிகிரி மேலே வைப்பது என்ற மூன்றும் செய்தாலே கம்ப்ரசர் ஓடும் நேரம் குறைந்துவிடும்.

யுபிஎஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் அதைக் கவனிப்பதே இல்லை. கிளை திறக்கும்போது, பிற்காலத்துக்கும் சேர்த்து இருக்கட்டும் என்று 20 கேவிஏ யுபிஎஸ் வாங்கியிருப்பார்கள். அதில் ஓடும் லோடு 3 கிலோவாட் இருக்கும். இரட்டை மாற்று யுபிஎஸ், வரும் மாறுதிசை மின்சாரத்தை ஒருமுறை நேர்திசை மின்சாரமாக்கி, மறுபடி மாறுதிசையாக்கி அனுப்புகிறது. இதில் ஒரு பகுதி இழப்பு, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடந்துகொண்டே இருக்கும். லோடு குறையக் குறைய அந்த நிலையான இழப்பின் பங்கு பெரிதாகி, திறன் விழுகிறது. இழந்த மின்சாரம் அத்தனையும் சூடாக வெளியே வரும். அந்தச் சூட்டை எடுக்க ஒரு ஏசி. அந்த ஏசியும் 24 மணி நேரம். ஆக ஒரே தவறான அளவுக்கு இரண்டு முறை பணம் கட்டுகிறோம்.

அறை ஏன் குளிராக இருக்க வேண்டும் என்று கேட்டால் பேட்டரிக்காக என்பார்கள். அதில் நியாயம் உண்டு. மூடிய ஈய அமில பேட்டரியின் ஆயுள், 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதற்காக யுபிஎஸ்ஸையும் சேர்த்து, முழு அறையையும் குளிர்விக்க வேண்டியதில்லை. பேட்டரியைத் தடுப்பு போட்டுத் தனியாக வைத்து, அந்தச் சின்ன இடத்தை மட்டும் குளிர்வித்தால் போதும். யுபிஎஸ் மாற்றும் காலம் வரும்போது, பழைய அளவையே ஆர்டர் போடாமல், உண்மையான லோடை ஒரு மாதம் அளந்துவிட்டு வாங்குங்கள்.

இப்போது டேட்டா சென்டருக்கு வருவோம். இங்கே பார்க்க வேண்டிய எண் பியுஇ. டேட்டா சென்டருக்குள் வரும் மொத்த மின்சாரத்தை, கணினிக் கருவிகளுக்கு மட்டும் போகும் மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது. 2007இல் கிரீன் கிரிட் என்ற தொழில் கூட்டமைப்பு இதைப் பரவலாக்கியது. 2 என்று வந்தால், சர்வர் எடுக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் குளிர்விப்பு, யுபிஎஸ், விளக்கு என்று இன்னொரு யூனிட் போகிறது என்று பொருள். நன்றாக வடிவமைத்த பெரிய மையங்கள் 1.2க்கும் கீழே இயங்குகின்றன. வங்கிகள் சொந்தமாக வைத்திருக்கும் பழைய சிறிய மையங்கள் அந்தப் பக்கம்கூட வருவதில்லை.

காரணம் பெரும்பாலும் பயம். சர்வர் அறைக்குள் போனால் ஸ்வெட்டர் தேவைப்படும். கருவிக்குள் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி வரை இருக்கலாம் என்பது குளிர்விப்புப் பொறியாளர்களின் சங்கமான ஆஷ்ரேயின் பரிந்துரை. நம் ஆட்கள் 18க்கும் கீழே வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 24 டிகிரி வைத்து மின்சாரம் மிச்சப்படுத்தியவரை யாரும் கூப்பிட்டுப் பாராட்டப் போவதில்லை. ஒரு சர்வர் நின்றுவிட்டால் மட்டும் முதல் கேள்வி "ஏசி டிகிரியை யார் கூட்டி வைத்தது?" என்பதாகத்தான் இருக்கும். பாராட்டு இல்லாத, பழி மட்டும் உள்ள இடத்தில் யாரும் டிகிரியைத் தொட மாட்டார்கள். எனவே வரம்பை நிர்வாகமே எழுத்தில் கொடுக்க வேண்டும். வாரத்துக்கு ஒரு டிகிரி ஏற்றி, சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் முகப்பில் சென்சார் வைத்துப் பார்த்துக்கொண்டே போகலாம்.

ஏற்றும் முன் காற்றின் வழியைச் சரி செய்ய வேண்டும். ரேக்கில் காலியாக இருக்கும் இடங்களை மூடித் தகடு போட்டு அடைக்காவிட்டால், பின்பக்கச் சூடான காற்று முன்பக்கம் வந்து கலக்கும். மேல் அடுக்கு சர்வர் சூடாகும், உடனே யாராவது முழு அறையின் வெப்பநிலையையும் இறக்குவார்கள். தகடு மலிவு. அப்புறம் மின்விசிறிகளின் வேகம். விசிறி இழுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு (வேகம் × வேகம் × வேகம்) ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். எல்லா ஏசியையும் முழு வேகத்தில் ஓட்டுவதைவிட, எல்லாவற்றையும் குறைந்த வேகத்தில் ஓட்டுவது லாபம்.

யாரும் பயன்படுத்தாத சர்வர்களையும் தேடுங்கள். பழைய மென்பொருளை மாற்றி வருடங்கள் ஆகியிருக்கும், அதன் சர்வர் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். சும்மா இருந்தாலும் சர்வர் கணிசமான மின்சாரத்தை எடுக்கும். அதை அணைக்க ஒரு கையெழுத்து வேண்டும். போட வேண்டியவர் வேறு பிரிவுக்கு மாறிப் போயிருப்பார்.

"எல்லாவற்றையும் கிளவுடுக்கு மாற்றிவிட்டோம், எங்கள் உமிழ்வு குறைந்துவிட்டது" என்று சிலர் அறிக்கை விடுகிறார்கள். பெரிய மையத்தில் அதே வேலை குறைந்த மின்சாரத்தில் நடக்க வாய்ப்பு உண்டு. ஆனால் வங்கியின் கணக்கில் நடப்பது, ஸ்கோப் 2 (நாம் வாங்கும் மின்சாரம்) என்ற தலைப்பில் இருந்த எண் ஸ்கோப் 3 (பிறர் வழியாக வரும் உமிழ்வு) என்ற தலைப்புக்கு இடம் மாறுவதுதான். இதற்குக் கைதட்டுவதற்கு முன் அடுத்த பத்தியையும் பாருங்கள் என்பேன்.

பசுங்குடில் வாயு நெறிமுறையின் கணக்குப்படி, நாமே எரிப்பதும் கசியவிடுவதும் ஸ்கோப் 1. வாங்கும் மின்சாரம் ஸ்கோப் 2. மற்றதெல்லாம் ஸ்கோப் 3. ஸ்கோப் 1இல் எல்லோரும் ஜெனரேட்டர் டீசலை எழுதுவார்கள். லிட்டருக்கு ஏறக்குறைய 2.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு, கணக்கு சுலபம். மறப்பது ஏசி கேஸை. ஆர்-410ஏ என்ற கேஸ் ஒரு கிலோ கசிந்தால் அது சுமார் 2.1 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கிட்டத்தட்ட 780 லிட்டர் டீசலை எரித்த மாதிரி. ஏசி மெக்கானிக் வந்து "கேஸ் கம்மியா இருக்கு, போட்டாச்சு" என்று சொல்லிவிட்டுப் போகும்போது, அந்தக் குறைந்த கேஸ் எங்கோ காற்றில் கலந்திருக்கிறது. பில்லில் "கேஸ் சார்ஜிங்" என்று மட்டும் இருக்கும், எத்தனை கிலோ என்று இருக்காது. கிலோ எழுதாத பில்லுக்குப் பணம் கிடையாது என்று ஒரு விதி போட்டால் போதும், இரண்டு நன்மை வரும். கணக்கு கிடைக்கும். கசிவை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் மட்டும் நிரப்பும் வழக்கமும் வெளிச்சத்துக்கு வரும். புதிதாக வாங்கும்போது ஆர்-32 போன்ற கேஸ் உள்ள இன்வெர்ட்டர் ஏசியைப் பாருங்கள், அதன் வெப்பமாக்கும் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 675 மடங்கு, அதாவது ஆர்-410ஏவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

சூரிய மின்சாரம் நல்லதுதான். ஆனால் பெரும்பாலான கிளைகள் வாடகைக் கட்டடத்தில், பல மாடிகளுக்குக் கீழே இருக்கும். மாடி நமதில்லை. அதனால் வங்கிகள், வேறெங்கோ உற்பத்தியான பசுமை மின்சாரத்துக்கான புதுப்பிக்கத்தக்க மின்சாரச் சான்றிதழ் வாங்கி, ஸ்கோப் 2 பூஜ்ஜியம் என்று எழுதிவிடுகின்றன. 2015இல் வந்த ஸ்கோப் 2 வழிகாட்டி, இரண்டு எண்ணையும் தரச் சொல்கிறது: சான்றிதழைக் கணக்கில் எடுத்த எண் ஒன்று, அந்த வட்டாரத்து மின்தொகுப்பின் சராசரியை வைத்து வரும் எண் இன்னொன்று. எந்த வங்கி அறிக்கையைப் படித்தாலும் இரண்டாவதைத் தேடிப் பாருங்கள். முதல் எண் பூஜ்ஜியமாகி, இரண்டாவது அப்படியே இருந்தால், சான்றிதழ் வாங்கியிருக்கிறார்கள், ஒரு சுவிட்சைக்கூட அணைக்கவில்லை.

காகிதம், விமானப் பயணம், ஊழியர் வந்து போகும் வாகனம் இவையெல்லாம் உண்டு. பயணம் மட்டும் பெரிய வங்கிகளில் கவனிக்கத்தக்க அளவில் இருக்கும். காகிதத்தைப் பற்றி வரும் மின்னஞ்சல்கள்தான் அதன் உமிழ்வைவிட அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

"வங்கியின் பெரிய உமிழ்வு கடன் கொடுக்கும் தொழில்களில்தானே, ஏசியை அணைத்து என்ன ஆகப் போகிறது?" என்று யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள். சரியான கேள்வி. நிதி நிறுவனங்கள் தாங்களே கொடுத்த கணக்குகளை வைத்து, நிறுவனங்களின் உமிழ்வு விவரங்களைத் திரட்டும் சிடிபி அமைப்பு 2021இல் வெளியிட்ட அறிக்கையில், கடன், முதலீடு வழியாக வரும் உமிழ்வு, அலுவலகங்களின் நேரடி உமிழ்வைப் போல சராசரியாக 700 மடங்குக்கும் மேல் என்று வந்தது. எச்எஸ்பிசி 2005லேயே தன் செயல்பாடுகளில் கார்பன் சமநிலை அடைந்ததாக அறிவித்தது. அந்த அறிவிப்பில், அது கொடுத்த கடன்கள் வழியாக வரும் உமிழ்வு சேரவில்லை. ஆகவே கிளையின் மின்சாரத்தைக் குறைத்துவிட்டு "பசுமை வங்கி" என்று பலகை மாட்டினால் அது ஏமாற்று. ஆனாலும் கடன் வாங்க வரும் ஆலையிடம் "உங்கள் மின் கணக்கைக் கொடுங்கள்" என்று கேட்கப் போகிற வங்கி, தன் ஒரு கிளையின் இரவு லோடு என்ன என்று தெரியாமல் எப்படி அந்தத் தாளைப் படிக்கும்? அதோடு மின் கட்டணம் மிச்சமாவது எந்த அறிக்கையிலும் வராவிட்டாலும் மிச்சம்தான்.

எப்படிச் செய்ய வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போட்டி, பரிசு, உறுதிமொழி எல்லாம் பார்த்தாயிற்று. வங்கியில் ஒரு வேலை தவறாமல் நடக்க வேண்டுமென்றால் அது ஆடிட் படிவத்தில் இருக்க வேண்டும். கிளை ஆய்வுப் படிவத்தில், தீயணைப்பான் தேதி இருக்கும் பக்கத்திலேயே இரண்டு வரி சேருங்கள்: கிளையைப் பூட்டும்போது மீட்டர் எண், மறுநாள் திறக்கும்போது மீட்டர் எண். ஆய்வாளர் கழித்துப் பார்த்து, மணி நேரத்தால் வகுத்து எழுதட்டும். ஒரே அளவுள்ள கிளைகளை வரிசைப்படுத்தினால் இரவில் அதிகம் இழுப்பவை தானாக மேலே வந்துவிடும். எலக்ட்ரீஷியனை முதலில் அங்கே அனுப்புங்கள்.