ஒரே காலடி நூறு தடவை: வீடியோ விளையாட்டு ஒலிகள் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: சரளைக்கல்லில் நானே நடந்து பதிவு செய்த காலடிச் சத்தம் தனியாகக் கேட்டால் அருமையாக இருக்கிறது. விளையாட்டில் நாயகன் ஓடும்போது மட்டும் இயந்திரம் அடிப்பதுபோல் ஆகிவிடுகிறதே, ஏன்?

பதில்: பதிவில் குறையில்லை. ஒரே கோப்பைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடுகிறீர்கள், அதுதான் சிக்கல். நிஜத்தில் எந்த இரண்டு காலடியும் ஒன்றுபோல் விழாது. அச்சு அசலாக அதே சத்தம் அடுத்தடுத்து வந்தால் காது உடனே பிடித்துவிடும். ஒவ்வொரு தரைக்கும் குறைந்தது ஆறு காலடிகளைத் தனித்தனிக் கோப்பாக வெட்டிக்கொள்ளுங்கள். இப்போது ஒலித்தது அடுத்த முறை வரக்கூடாது என்ற நிபந்தனையோடு, விளையாட்டை இயக்கும் மென்பொருளான எஞ்சின் அவற்றில் ஒன்றைக் குலுக்கி எடுக்கட்டும். கூடவே சுருதியை (பிட்ச்) ஒரு செமிடோனும் (அரைச் சுரம்), ஒலியளவை 2 டெசிபலும் மேலும் கீழும் அலையவிடுங்கள். அதற்கு மேல் போனால் ஆளின் எடையே மாறியதுபோல் கேட்கும்.

வெட்டும்போது கோப்பின் தொடக்கத்தில் துளி மௌனமும் மிஞ்சக் கூடாது. 50 மில்லிசெகண்ட் மிஞ்சினாலும், ஓட்டத்தில் கால் ஒரு பக்கம், சத்தம் ஒரு பக்கம் என்றாகிவிடும்.

நடந்தே பதிவு செய்தால் துணி உரசலும் மூச்சும் சேர்ந்து விழும். அகலமான தட்டில் சரளையைக் கொட்டி, தட்டு கணகணக்காமல் இருக்க அடியில் மடித்த போர்வையைப் போடுங்கள். காலணியைக் கையில் மாட்டிக்கொண்டு, முதலில் குதிகால், பிறகு முன்பாதம் என்று அழுத்துங்கள். மைக் ஒன்றரை அடி தள்ளி இருக்கட்டும். பதிவு மீட்டரில் உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பனித்தரை வேண்டுமென்றால் கார்ன்ஃப்ளார் எனப்படும் வெள்ளைச் சோளமாவைத் துணிப்பையில் கட்டிப் பிசையுங்கள், நிஜப் பனியே தோற்றுவிடும். விலை கூடிய மைக்கைத் தேடுவதைவிட மின்விசிறியும் குளிர்பெட்டியும் ஓடாத அரை மணி நேரத்தைத் தேடுவது நல்லது. இரைச்சல் நீக்கும் மென்பொருளை அதிகம் நம்பினால் ஒலி தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் குழம்பும்.

கேள்வி: சின்தசைசரில் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவி) செய்த வெடிச்சத்தம் ஹெட்ஃபோனில் அதிர்கிறது. கைப்பேசியில் போட்டால் வெறும் 'புஸ்'. என்ன செய்வது?

பதில்: கைப்பேசியின் சிறிய ஸ்பீக்கரில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெரும்பாலும் எதுவும் வெளிவராது. உங்கள் வெடியின் பலமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. அதை ஒன்றன்மேல் ஒன்றாக ஒலிக்கும் நான்கு லேயராகப் (அடுக்கு) பிரித்துக் கட்டுங்கள்.

முதல் அடிக்கு மரப்பலகையை ஓங்கித் தட்டிய பதிவில் முதல் 30 மில்லிசெகண்ட் போதும். அடித்தளத்துக்கு ஒரு சைன் அலை (ஒற்றை அதிர்வெண் மட்டுமே உள்ள ஒலி), 150 ஹெர்ட்ஸில் தொடங்கி 300 மில்லிசெகண்டில் 40-க்கு இறங்கட்டும். அதற்குக் கொஞ்சம் சாச்சுரேஷன் (அலையை லேசாகச் சிதைப்பது) கொடுத்தால் இரட்டை, மும்மடங்கு அதிர்வெண்கள் பிறக்கும். அவற்றைக் கேட்டு, வராத அடிநாதத்தை மூளையே நிரப்பிக்கொள்ளும். வாலுக்கு வெள்ளை இரைச்சலை (எல்லா அதிர்வெண்ணும் கலந்த 'ஷ்ஷ்') எடுத்து, தாழ்ந்த அதிர்வெண்ணை மட்டும் விடும் லோ-பாஸ் ஃபில்டரை இரண்டு நொடியில் 6000-லிருந்து 300 ஹெர்ட்ஸுக்கு மூடுங்கள்.

நான்காவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இரும்புக் கதவு அறையும் சத்தத்தை ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் பாதியாகும் அளவு) இறக்கி, 300 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரையுள்ள நடுப்பகுதியை நிரப்புங்கள். கைப்பேசியில் கேட்கப்போவது முக்கியமாக இதுதான். இறக்கப்போகும் ஒலிகளை 96 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் (நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற எண்) பதிவு செய்யுங்கள். 48-ல் பதிவானதில் அதன் பாதியான 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் ஒலி இருக்கும், அதை ஓர் ஆக்டேவ் இறக்கினால் 12 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் காலியாகி, சத்தம் மங்கிவிடும். ஆனால் மைக்கே 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும் வகை என்றால் 96-ஆல் பெரிய பயனில்லை.

எல்லாவற்றையும் சேர்த்த பிறகு வெடி மெலிந்துபோனால், லேயர்களின் அலைகள் ஒன்றையொன்று அழிக்கின்றன என்று பொருள். சைனைத் தவிர மற்றவற்றை 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஹை-பாஸ் ஃபில்டரால் வெட்டுங்கள். பிறகும் மெலிவு போகாவிட்டால் ஒரு லேயரின் போலாரிட்டியைத் திருப்பிக் (அலையின் மேடும் பள்ளமும் இடம் மாறும்) கேட்டு, எது கனமாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய பாணியில் நாணயம் எடுக்கும் 'டிங்' வேண்டும். எளிய வழி?

பதில்: சதுர அலை (மேலும் கீழும் சட்டென்று தாவும் ஒலி அலை). 988 ஹெர்ட்ஸில் 80 மில்லிசெகண்ட், உடனே 1319-க்குத் தாவி 400 மில்லிசெகண்டில் தேய்ந்து மறையட்டும். சின்தசைசர் பழக்கமில்லை என்றால், 2007-ல் டோமஸ் பெட்டர்சன் லுடம் டேர் என்ற விளையாட்டு உருவாக்கும் போட்டியில் கலந்துகொள்பவர்களுக்காக எழுதிய எஸ்எஃப்எக்ஸ்ஆர் என்ற இலவச மென்பொருளில் பொத்தானை அழுத்தினாலே போதும். முதலில் வந்ததை அப்படியே எடுத்துவிடாதீர்கள். பல விளையாட்டுகளில் கேட்டுச் சலித்த சாயல் அதில் இருக்கும்.

கேள்வி: மழைச் சத்தம் லூப் ஆகும் (முடிந்து மறுபடி தொடங்கும்) ஒவ்வொரு முறையும் ஒரு சின்ன இடைவெளி விழுகிறது.

பதில்: எம்பி3-யாக வைத்திருக்கிறீர்களா? அந்த வடிவம் கோப்பின் இரு முனையிலும் கொஞ்சம் மௌனத்தைச் சேர்த்துவிடும். டபிள்யூஏவி அல்லது ஓஜிஜி-க்கு மாறுங்கள். எம்பி3-யையே மாற்றினால் மௌனமும் கூடவே வரும், மூலப் பதிவிலிருந்து எடுங்கள். இடைவெளி போய் 'டிக்' என்று கேட்டால், கோப்பை நடுவில் வெட்டி, பின்பாதியை முன்னால் வைத்து, சேரும் இடத்தில் ஒன்றிரண்டு நொடி கிராஸ்ஃபேட் (ஒன்று தேய்ந்து மறைய மற்றது எழுவது) கொடுங்கள். புதிய முனைகள் ஏற்கெனவே தொடர்ச்சியாக இருந்தவை என்பதால் ஓசையின்றி இணையும். ஓங்கிக் கேட்கும் தனித் துளி எதையும் உள்ளே விட்டுவைக்காதீர்கள், மூன்றாவது சுற்றிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: ஒலிக்கோப்பு மோனோவா (ஒரே தடம்), ஸ்டீரியோவா (இட, வல இரு தடங்கள்)?

பதில்: உலகத்தில் ஓர் இடத்திலிருந்து வரும் சத்தம் என்றால் மோனோ. இடம், வலம், தூரத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இசை, பின்னணிச் சூழல் போன்றவை ஸ்டீரியோவில் இருக்கட்டும்.