குழுவாகக் கயாக்கில் போய்க் கழிமுகப் பறவைகளைப் பார்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: எட்டுப் பேர் சேர்ந்து கயாக் என்ற சிறு துடுப்புப் படகில் அலையாத்திக் காட்டு ஓடைக்குள் போகிறோம். காலையா மாலையா, எது நல்லது அக்கா?

பதில்: முதலில் கடல்நீர் ஏறி இறங்கும் நேரத்தைச் சொல்லும் ஓத அட்டவணையைப் பாருங்கள், கடிகாரம் அப்புறம். பெரும்பாலான கரைகளில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் இடையே 6 மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அந்த நேரமும் தினம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். போன ஞாயிறு காலை ஏழு மணிக்கு நிறைந்து நின்ற ஓடை, இந்த ஞாயிறு அதே நேரத்தில் வற்றிக் கிடக்கலாம்.

ஏற்றம் முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது உள்ளே போங்கள், தண்ணீர் திரும்பியதும் அதோடு வெளியே வாருங்கள். இரண்டு வழியிலும் நீரோட்டம் துணையிருக்கும். திரும்பும்போது சேற்றுத் திட்டுகள் தலைகாட்டும், உள்ளான்கள் என்ற கரைப்பறவைகள் இரை தேடி இறங்கும். அந்த அழகில் நேரம் மறந்து குறுகிய ஓடையில் நின்றுவிடாதீர்கள். இறக்கத்தின் மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் வடிந்துவிடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வேகம் இன்னும் கூடும்.

கேள்வி: சேற்றில் தட்டிவிட்டால் இறங்கித் தள்ளலாமா?

பதில்: கூடாது. கால் புதைந்தால் எடுப்பது கடினம். படகிலேயே இருந்து துடுப்பால் பின்னுக்குத் தள்ளிப் பாருங்கள். முடியாவிட்டால் உதவிக்குச் சொல்லிவிட்டு அடுத்த ஏற்றம்வரை காத்திருங்கள். குடிநீர் தாராளமாக இருக்கட்டும்.

கேள்வி: பறவைகளுக்கு எவ்வளவு பக்கத்தில் போகலாம் மேடம்?

பதில்: அதைப் பறவையே சொல்லும். இரை தேடுவதை விட்டுத் தலையைத் தூக்கினால் துடுப்பை நிறுத்துங்கள். நடந்து விலகத் தொடங்கினால் நாம் ஏற்கெனவே அதிகம் நெருங்கிவிட்டோம், மெல்லப் பின்வாங்குங்கள். நேராகப் போகாமல் பக்கவாட்டில் மிதந்து கடந்தால் அவை அவ்வளவாக மிரளாது.

இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. 2022-ல் பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை ஒன்று, பிறந்து ஐந்து மாதமே ஆனது, அலாஸ்காவிலிருந்து 11 நாள் எங்கும் இறங்காமல் 13,560 கி.மீ. பறந்து டாஸ்மேனியா போய்ச் சேர்ந்தது. இப்படிப் பறக்கிறவை சேற்றில் தின்று சேர்த்த கொழுப்பைத்தான் வழியில் செலவழிக்கின்றன. நாம் ஒருமுறை கிளப்பிவிட்டால் தின்னும் நேரமும் போகிறது, சேர்த்ததும் கரைகிறது. ஏற்ற நேரத்தில் மேட்டுத் திட்டில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்தின் பக்கமே போகாதீர்கள். சேறெல்லாம் முழுகிக் கிடப்பதால் அவற்றுக்கு வேறு போக்கிடம் இருக்காது.

கேள்வி: எட்டுப் படகும் ஒன்றாகவே போகணுமா?

பதில்: ஆமாம், ஒரே கரையோரமாக, ஒன்றன்பின் ஒன்றாக. இரு கரையிலும் பிரிந்து போனால் நடுவில் உள்ள பறவைகள் மாட்டிக்கொள்ளும். வழி தெரிந்தவர் முன்னால், நல்ல அனுபவம் உள்ளவர் கடைசியில். பேச்சைக் குறைத்துக் கை சைகை வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. வரலாமா?

பதில்: வரலாம். உடம்புக்குப் பொருந்திய லைஃப் ஜாக்கெட்டைக் கரையிலேயே மாட்டிக்கொள்ளுங்கள், திரும்பும்வரை கழற்ற வேண்டாம். இருவர் கயாக்கில் பழகியவர் பின்னால் உட்காரட்டும். முதலை இருக்கும் நீர்நிலை என்றால் நீச்சல் தெரிந்தாலும் கயாக் வேண்டாம்.

கேள்வி: எந்த பைனாகுலர்?

பதில்: 8 மடங்கு போதும், தண்ணீர் புகாததாக இருக்கட்டும். 10 மடங்கில் படகின் ஆட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும்.

கேள்வி: ட்ரோன் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம். பருந்தைக் கண்டதுபோல் மொத்தக் கூட்டமும் எழும்பிவிடும்.