விழுந்த வாட்ச்சுக்குப் புது அச்சு

கேள்வி: அண்ணாச்சி, எங்கள் தாத்தா மீட்டர் கேஜ் காலத்தில் செங்கோட்டை லைனில் கார்டாக இருந்தவர். அவருடைய வெஸ்ட் எண்ட் பாக்கெட் வாட்சைப் பீரோவில் இருந்து எடுத்த என் மகன் கீழே போட்டுவிட்டான். சாவி கொடுத்தால், டயல் மேலே இருக்கும்போது நின்றுவிடுகிறது. கவிழ்த்து வைத்தால் கொஞ்ச நேரம் ஓடுகிறது. கடையில் காட்டினேன். "பேலன்ஸ் ஸ்டாஃப் போச்சு, சாமான் கிடைக்காது, உள்ளே பேட்டரி மெஷின் வைத்துத் தருகிறோம்" என்கிறார்கள். வைக்கலாமா?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

பதில்: வேண்டாம். பேட்டரி மெஷின் வைப்பதென்றால் இப்போதிருக்கிற மெஷினை முழுசாகத் தூக்கிவிட வேண்டும். டயலுக்குப் பின்னால் இருக்கிற கால்களை வெட்டுவார்கள். முள்ளும் பொருந்தாது, அதையும் மாற்றுவார்கள். கடைசியில் உங்கள் தாத்தாவுடையது என்று கையில் மிஞ்சுவது மூடி மட்டும்தான். மெஷினில் போயிருப்பதோ ஒரே ஒரு சாமான். அதை மாற்ற முடியும்.

ஜங்ஷனில் கடை வைத்திருந்த என் மாமாவிடம்தான் நான் வேலை படித்தேன். ரயில்வேக்காரர்களின் வாட்ச்தான் எங்களுக்குச் சோறு போட்டது. கார்டு, டிரைவர், ஸ்டேஷன் மாஸ்டர் என்று வருவார்கள். பாதிப்பேர் வாட்சைக் கொடுக்கும்போதே "கீழே விழுந்துட்டு" என்றுதான் ஆரம்பிப்பார்கள். மாமா மூடியைத் திறந்து, இடமும் வலமும் ஆடி நேரத்தை அளக்கிற பேலன்ஸ் சக்கரத்தை ஒரு மெல்லிய பிரஷ் முடியால் லேசாகத் தூக்கிப் பார்ப்பார். அதிலேயே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

பேலன்ஸ் ஸ்டாஃப் என்பது அந்தச் சக்கரத்தின் அச்சு. அதன் இரண்டு நுனியும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு கனம்தான் இருக்கும். உராய்வு குறைய வேண்டும் என்பதற்காக அவ்வளவு மெல்லிசாகச் செய்தார்கள். பழைய பாக்கெட் வாட்ச் பெரும்பாலும் மணிக்கு 18,000 தடவை அடிக்கும். ஒரு நாளைக்கு 4,32,000. இத்தனை அடியையும் தாங்குகிற நுனி, இடுப்பு உயரத்தில் இருந்து ஒரு தடவை விழுந்தால் தாங்காது. ஏனென்றால் கனமான பேலன்ஸ் சக்கரத்தின் எடை முழுக்க அந்த நுனி மேல்தான் வந்து இறங்கும். அதிர்ச்சியைத் தாங்க ஸ்பிரிங் வைத்த இன்காப்ளாக் மாதிரி ஏற்பாடுகள் 1930களில்தான் வந்தன. அதற்கு வெகுகாலம் முன்பே, 1790 வாக்கில், பாரிஸில் பிரெகே என்ற வாட்ச் செய்பவர் இப்படி ஒன்றைச் செய்திருந்தார். ஆனால் நம்ம ஊர்ப் பீரோக்களில் இருக்கிற வாட்ச்களில் அது இருக்காது.

இனி உங்கள் வாட்ச்சுக்கு வருகிறேன். நுனி அடியோடு ஒடிந்திருந்தால் சக்கரம் சாய்ந்துவிடும், எப்படி வைத்தாலும் ஓடாது. உங்களுடையது கவிழ்த்தால் ஓடுகிறது என்கிறீர்கள். டயல் மேலே இருக்கும்போது பாரம் பின்மூடிப் பக்கத்து நுனி மேல் இருக்கும், கவிழ்த்தால் டயல் பக்கத்து நுனிக்கு மாறும். அதனால் பின்மூடிப் பக்கத்து நுனி வளைந்தோ, முனை மழுங்கியோ இருக்கலாம். இல்லையென்றால் அந்த நுனி உட்காருகிற கல்லில் கீறல் விழுந்திருக்கலாம். இந்தக் கல்லை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகவே வருத்தம். ஒவ்வொரு நுனிக்கும் ஓட்டை போட்ட கல் ஒன்று, அதற்கு மேல் மூடிக் கல் ஒன்று. வெடித்த கல்லில் புது அச்சை வைத்தால், அந்த விளிம்பே அரம் மாதிரி நுனியைத் தேய்த்துவிடும். இரண்டு பக்கத்துக் கல்லையும் பார்க்க வேண்டும், டயல் பக்கத்துக் கல் டயலைக் கழற்றினால்தான் தெரியும். கடையில் டயலைக் கழற்றிப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

வளைந்த நுனியை நிமிர்த்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். மிக லேசான வளைவு நிமிரும், உண்மைதான். மற்றது பெரும்பாலும் ட்வீசரிலேயே ஒடியும்.

சாமான் கிடைக்காது என்பதைப் பற்றி. டயலில் இருக்கிற பேர் பல சமயம் விற்ற கம்பெனியின் பேர். மெஷினைச் செய்தவர் வேறு ஆளாக இருக்கலாம். பேலன்ஸைக் கழற்றினால் அதற்குக் கீழே தகட்டில், இல்லையென்றால் டயலுக்கு அடியில், செய்தவருடைய முத்திரையோ மாடல் எண்ணோ சில மெஷின்களில் இருக்கும். அதை வைத்துத் தேடினால் பழைய ஸ்டாக்கில் ரெடிமேட் ஸ்டாஃப் கிடைக்க வழி உண்டு. அமெரிக்க வால்தம் வைத்திருக்கிறவர்களுக்கு இது இன்னும் சுலபம். மெஷினில் இருக்கிற சீரியல் எண்ணை வைத்தே மாடலைக் கண்டுபிடித்துவிடலாம். மூடியில் இருக்கிற எண் அதற்கு உதவாது.

கிடைக்கவே இல்லையா? லேத்தில் கடைந்து செய்யலாம். எஃகுக் கம்பியைச் சிவக்கக் காய்ச்சி முக்கி எடுத்து, மறுபடி 300 டிகிரி வாக்கில் சூடு காட்டினால் நீலம் பாயும். அந்தப் பதத்தில் எஃகு நொறுங்காது, வளைந்தும் கொடுக்காது. அதைக் கடைந்து, சக்கரம் உட்காரும் இடம், ரோலர் என்கிற சின்ன வட்டத் தகடு உட்காரும் இடம், சக்கரத்தை ஆட்டுகிற முடி மாதிரி மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கின் காலர் உட்காரும் இடம் என்று பழைய அச்சின் அளவுகளை அப்படியே எடுக்க வேண்டும். நுனியைக் கடைந்ததோடு விட்டுவிடக் கூடாது. வழவழப்பான எஃகுப் பட்டையால் அழுத்தித் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நல்ல கை இருந்தால் முழு நாள் வேலை. மாமா மெருகு போட்டு முடித்ததும் நுனியை ஒரு நெட்டித் துண்டில் குத்தி எடுப்பார், ஒட்டியிருக்கிற எண்ணெயும் பொடியும் அதோடு போய்விடும்.

பழைய அச்சைக் கழற்றுகிற இடம்தான் எனக்குப் பயமான இடம். அச்சைச் சக்கரத்தோடு ரிவெட் அடித்துப் பிணைத்திருப்பார்கள். அவசரக்காரர்கள் சுத்தியலால் ஒரே தட்டில் வெளியே தள்ளிவிடுவார்கள். தள்ளும்போது ரிவெட்டின் விளிம்பு ஓட்டையைப் பெரிசாக்கிவிடும், சக்கரத்தின் கையும் வளையும். உங்கள் தாத்தா காலத்துச் சக்கரம் பெரும்பாலும் வெளியே பித்தளை, உள்ளே எஃகு என்று இரண்டு உலோகத்தை ஒட்டிச் செய்தது. விளிம்பு இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டிருக்கும். வெயிலில் ஹேர்ஸ்பிரிங்கின் பலம் குறைந்து வாட்ச் மெதுவாகும்போது, அந்த விளிம்பு உள்பக்கமாக வளைந்து ஈடுகட்டும். அந்தச் சக்கரம் கெட்டால் வாட்ச்சின் உயிரே கெட்டது மாதிரிதான். ஆகவே லேத்தில் மாட்டி, ரிவெட்டைக் கடைந்து எடுத்துவிட்டு, அச்சு தானாகக் கையோடு வரும்படிதான் கழற்ற வேண்டும். சில அமெரிக்க வாட்ச்களில் ரிவெட் இல்லாமல் இறுக்கிச் செருகிய அச்சு இருக்கும். அதைத் தள்ளி எடுக்கலாம்.

புது அச்சை ரிவெட் அடித்த பிறகு சக்கரம் ஆடாமல் சுற்றுகிறதா என்று பார்ப்பார்கள். அப்புறம், ஹேர்ஸ்பிரிங் மாட்டும் முன் இரண்டு கல் விளிம்பு மேல் வைத்து உருட்டுவார்கள். ஏதாவது ஒரு பக்கம் எப்போதும் கீழே வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம் கூட. அங்கிருக்கிற திருகின் அடியில் துளி எடுத்துச் சமன் செய்வார்கள். பாக்கெட் வாட்ச் சட்டைப் பையில் நிமிர்ந்தே இருப்பதால் இதைச் செய்யாவிட்டால் மேஜையில் ஒரு நேரம், பையில் ஒரு நேரம் காட்டும்.

கடைக்காரரிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: ரிவெட்டை எப்படி எடுப்பீர்கள், கல்லைப் பார்த்தீர்களா, சக்கரத்தைச் சமன் செய்வீர்களா. யோசிக்காமல் பதில் சொல்கிறவரிடம் கொடுங்கள். வேலை முடிந்ததும் பழைய அச்சைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் சாவி கொடுக்க வேண்டாம், ஓடுகிறதா என்று குலுக்கியும் பார்க்க வேண்டாம். மகனைத் திட்டவும் வேண்டாம். இந்த மாதிரி வாட்ச் அநேகமாக எல்லாமே ஒரு தடவையாவது விழுந்துதான் எங்களிடம் வந்திருக்கிறது.

கேள்வி: பாலிடெக்னிக்கில் படிக்கிறேன். வீடியோ பார்த்து வாட்ச் வேலை பழகுகிறேன். ஸ்டாஃப் மாற்றுவதை நானே செய்து பார்க்கலாமா?
– மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகச் செய்யம்மா. இந்த வேலைக்கு ஆள் வந்தால் எனக்கு அதைவிடச் சந்தோஷம் இல்லை. ஆனால் வீட்டு வாட்ச்சில் ஆரம்பிக்காதே. பழைய கடைகளில் உடைந்த மெஷின்கள் மொத்தமாகக் கிடைக்கும், அதில் பழகு. முதலில் ஹேர்ஸ்பிரிங்கைக் கசங்காமல் கழற்றி மாட்டவே கை பழக வேண்டும். பேலன்ஸில் கை வைக்கும் முன், சாவி கொடுத்தால் இறுகுகிற மெயின்ஸ்பிரிங்கின் இறுக்கத்தை முழுக்க இறக்கிவிடு. இன்னொன்று: ரோலரில் இருக்கிற சின்ன ரூபிக் கல்லை அரக்கு வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். அந்தச் சாமானை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டால் கல் தனியாகக் கழன்று, தரையில் தேட வேண்டியிருக்கும். நாங்கள் பெட்ரோலில்தான் கழுவுவோம், அதில் அரக்கு கரையாது. அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

கேள்வி: என் அப்பாவின் பாக்கெட் வாட்ச் நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதமாக நாளுக்கு அரை மணி நேரம் வேகமாக ஓடுகிறது. கீழே விழவில்லை. இதற்கும் ஸ்டாஃப் மாற்ற வேண்டுமா?
– வாசகர், கடையம்

பதில்: வேண்டாம். வாட்சை ஒலிபெருக்கிப் பெட்டி மேலோ, காந்த மூடி போட்ட செல்போன் உறை பக்கத்திலோ வைத்தீர்களா என்று யோசித்துப் பாருங்கள். பழைய நீல எஃகு ஹேர்ஸ்பிரிங் காந்தம் பிடித்தால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங்கின் நீளம் குறைந்தது போல் ஆகி வாட்ச் பறக்கும். நிக்கல் எஃகுக் கலவைகளுக்காக 1920இல் நோபல் பரிசு வாங்கிய கியோம் கண்டுபிடித்த எலின்வார் ஸ்பிரிங் போட்ட வாட்ச்களில் இந்தத் தொல்லை குறைவு. ஒரு சின்னத் திசைகாட்டியை வாட்ச் அருகில் கொண்டுபோங்கள். வாட்ச் ஓடுகிற தாளத்துக்கு அதன் முள் நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது. காந்தத்தை எடுக்கிற டீமேக்னடைசர் இருக்கிற கடையில் ஒரு நிமிஷ வேலை. முள் அசையாமல் இருந்தால் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டு ஒட்டியிருக்கும், கழுவினால் போதும்.