எந்த இனத்தைப் போடலாம்? திருகோணமலைத் தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

பெரும்போகத்துக்கு, அதாவது மாரிப் பயிர்ச்செய்கைக்கு, நாற்றுமேடை போட முன்னம் மரக்கறி இனங்களைப் பற்றிக் கேட்க இருப்பதைக் கேளுங்கள் என்று போன கிழமை சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் "எந்த இனம் நல்லது, பெயரைச் சொல்லுங்கள்" என்பதுதான். பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. கத்தரி, வெண்டி, மிளகாய் எல்லாம் விற்பனைக்குச் செய்கிறவன் நான், ஒவ்வொரு போகமும் தோட்டத்தின் ஒரு மூலையில் இரண்டு மூன்று புது இனங்களைப் பழைய இனத்தோடு சேர்த்து நட்டுப் பார்ப்பேன். அதில் கண்டதையே எழுதுகிறேன்.

தம்பலகாமத்தில் இருந்து: அண்ணே, போன போகம் மூன்று கத்தரி இனம் போட்டேன், ஒவ்வொன்றும் நீளமாக ஒரு பட்டி. கிணற்றடிப் பக்கம் நட்ட ஹைபிரிட், அந்தக் கலப்பின விதைதான் அள்ளிக் கொடுத்தது. இந்த முறை அரை ஏக்கரும் அதையே போடட்டுமா?

அவசரப்படாதீர்கள் தம்பி. காய்த்தது விதையாலா கிணற்றடியாலா என்று அந்த நடவை வைத்து யாராலும் சொல்ல முடியாது. கிணற்றடிக்குத் தண்ணீர் முதலில் பாயும், எருவை இறக்கிக் குவித்து வைத்ததும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அந்த இடத்தில் உங்கள் பழைய கத்தரியை நட்டிருந்தாலும் அதுவும் நன்றாகத்தான் காய்த்திருக்கும். இந்த முறை நிலத்தை நான்கு துண்டாகப் பிரியுங்கள், கிணற்றடி ஒரு துண்டு, அதற்கு அடுத்தது, அப்புறம் நடு, கடைசித் துண்டு என்று. ஒவ்வொரு துண்டுக்குள்ளும் எல்லா இனத்துக்கும் ஒவ்வொரு பாத்தி. எது எந்தப் பாத்தி என்பதை நீங்கள் தீர்மானிக்கக் கூடாது, துண்டுக்குத் துண்டு தனித்தனியாகச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். இங்கிலாந்தில் ரொதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் 1920களில் வகுத்துக் கொடுத்த முறை இது, இன்றைக்கும் ஆராய்ச்சி நிலையங்களில் இப்படித்தான் நடுகிறார்கள். சீட்டு எதற்கு என்று கேட்பீர்கள். நமக்குப் பிடித்த விதையை நல்ல பாத்தியில் வைக்கச் சொல்லிக் கை தானாகப் போகும், அதனால்தான்.

கணக்கு எப்படிப் பார்ப்பது என்பதற்கு ஓர் உதாரணம். பழைய இனம் நான்கு துண்டிலும் 42, 38, 31, 45 கிலோ, புது இனம் 47, 36, 40, 43 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 39, 41.5. புதியது வென்றுவிட்டது போல இருக்கும். துண்டு துண்டாகப் பாருங்கள்: 5 கூட, 2 குறைய, 9 கூட, 2 குறைய. இரண்டு இடத்தில் வென்று இரண்டு இடத்தில் தோற்றிருக்கிறது. இதை நம்பி அரை ஏக்கர் மாற்ற மாட்டேன் நான். நான்கு துண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு கூடியிருந்தால், அது வெறும் 2 கிலோவாக இருந்தாலும், அப்போது நம்புவேன்.

கிண்ணியாவில் இருந்து: இதற்கெல்லாம் எவ்வளவு காணி வேணும்? என்னிடம் இருப்பதே முக்கால் ஏக்கர்.

பயப்படாதீர்கள் நானா. கத்தரியை 90க்கு 60 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டால் ஒரு கன்றுக்கு அரைச் சதுர மீற்றரும் கொஞ்சமும் போகும். பாத்திக்கு 20 கன்று, நான்கு இனம், நான்கு துண்டு, மொத்தம் 320 கன்று. ஏக்கருக்கு 160 பேர்ச், இது 7 பேர்ச்சுக்குள் முடிந்துவிடும், சுற்றி ஒரு வரிசை காவல் கன்றும் நடைபாதையும் சேர்த்தால் 10, 12 பேர்ச். அந்தக் காவல் வரிசையை மிச்சம் பிடிக்கக் கூடாது. ஓரத்துக் கன்றுக்கு வெயிலும் காற்றும் கூட, அது பெரும்பாலும் உள்ளே நிற்பதை விட அதிகமாகக் காய்க்கும். அதன் காயைக் கணக்கில் சேர்த்தால் ஓரத்தில் விழுந்த இனம் சும்மா வென்றுவிடும். நாற்றும் ஒரே நாளில் போட்டு ஒரே வயதில் நட வேண்டும், கடையில் வாங்கிய முதிர்ந்த கன்றையும் உங்கள் மேடையில் வந்த இளங்கன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அதிலேயே ஒரு கிழமை வித்தியாசம் வந்துவிடும்.

நிலாவெளியில் இருந்து: விதைப் பைக்கற்றில் போட்டிருக்கும் விளைச்சலில் பாதிதான் எனக்கு வருகிறது. விதை பிழையா, என்னில் பிழையா அண்ணா?

உங்களில் பிழை இல்லை தங்கச்சி. பைக்கற்றில் இருப்பது நல்ல மண்ணில், நல்ல கவனிப்பில் கிடைத்த எண். உங்கள் நிலம் கடற்கரை மணல், தண்ணீரும் பசளையும் நிற்காமல் கீழே இறங்கிவிடும், ஒரே தடவையில் கொட்டும் பசளையில் கன்றுக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். சிறுபோகக் கடைசியில், கோடையில், சில கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கவும் தொடங்கும். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் பாயும் தம்பலகாமத்துக் களியில் முதலாவதாக வந்த இனம் உங்கள் மணலில் மூன்றாவதாக வரலாம், அங்கே கடைசியாக வந்தது உங்களிடம் முதலாவதாகவும் வரலாம். திருநெல்வேலி ஊதாக் கத்தரியின் பெயர் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருந்து வந்தது, மிளகாய், வெண்டிப் பெயர்களில் வரும் எம்.ஐ. என்பது மகா இலுப்பள்ளம என்ற ஊர், அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பிறந்த ஊரில் அவை எப்படி நின்றன என்பது ஒன்று, உங்கள் கிணற்றுத் தண்ணீருக்கு எப்படி நிற்கும் என்பது வேறு. பசளையை நான்கைந்து தடவையாகப் பிரித்துப் போடுங்கள், மூன்று இனத்தை உங்கள் மணலிலேயே வைத்துப் பாருங்கள்.

மூதூரில் இருந்து: வெண்டியில் மஞ்சள் நரம்பு நோய் தாங்கும் இனத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அது வெள்ளை ஈ கொண்டு வரும் வைரசு. நோய் வராத போகத்தில் எல்லா இனமும் நல்ல இனம்தான், அந்தப் போகத்து முடிவை வைத்துத் தாங்கும் என்று சொல்லிவிடாதீர்கள். ஒவ்வொரு கிழமையும் பாத்தி பாத்தியாகப் போய் எத்தனை கன்றில் இலை நரம்பு மஞ்சளாகியிருக்கிறது என்று எண்ணித் திகதியோடு எழுதுங்கள். மருந்து அடிப்பதென்றால் எல்லாப் பாத்திக்கும் ஒரே நாளில் ஒரே அளவு. பாவம் என்று வாடினதற்கு மட்டும் கூட அடித்தால் கணக்குக் கெட்டது.

வெண்டியில் இன்னொரு விசயம், பலர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டிய காயை இன்னொரு நாள் கூட விட்டால் முற்றி நாராகிவிடும், ஆனால் நிறை ஏறும். ஒரு இனத்தை நேரத்துக்கும் மற்றதைப் பிந்தியும் பறித்தால் பிந்திப் பறித்ததுதான் தராசில் வெல்லும். நுனியை ஒடித்துப் பாருங்கள், டக்கென்று ஒடிய வேண்டும், வளைந்து நார் இழுத்தால் அது விற்கும் காய் இல்லை. விற்கிறதையும் கழிவையும் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள்.

குச்சவெளியில் இருந்து: ஹைபிரிட் விதை விலை கையைக் கடிக்கிறது. உண்மையில் கட்டுப்படியாகுமா?

கிலோவைப் பார்க்காமல் காசைப் பார்த்தால் விடை தெரியும். விதைக் காசு, கூடப் போகும் பசளை, மருந்து, பறிகூலி எல்லாவற்றையும் கழித்துப் பாத்திக்கு மிச்சம் என்ன என்று பாருங்கள். எப்போது காய்க்கிறது என்பதும் காசுதான், உங்கள் பக்கம் சிறுபோகத்தில் நிலாவெளி, உப்புவெளி ஹொட்டேல்கள் நிறைந்திருக்கும் காலம், அப்போது கையில் காய் இருக்கிறவனுக்கு விலை. ஊரே பறிக்கும்போது சேர்ந்து பறிக்கிற இனம் 2 கிலோ கூடக் காய்த்தும் பிரயோசனம் இல்லை. தம்புள்ளை மொத்தச் சந்தைக்கு ஏற்றுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: ஒவ்வொரு இனத்திலும் ஒரு சாக்குக் கட்டி இரண்டு நாள் நிழலில் வைத்துத் திறந்து பாருங்கள். எது வாடியது, எது நசிந்தது, எது தோல் மினுங்குகிறது என்று அங்கேயே தெரியும். அப்புறம் ஹைபிரிட்டில் இருந்து விதை எடுத்து அடுத்த போகம் போடாதீர்கள், பிள்ளைகள் ஒன்றுபோல் ஒன்று வராது.

வெருகலில் இருந்து: ஒரு போகம் பார்த்தால் போதுமா?

போதாது. இரண்டு பெரும்போகமாவது பாருங்கள். சிறுபோகத்துக்குத் தனியாக.

தோப்பூரில் இருந்து: ஒரு விதைக் கம்பனி என் காணியில் மாதிரித் தோட்டம் போட விதை இலவசமாகத் தருகிறது. சம்மதிக்கட்டுமா?

சம்மதியுங்கள், ஆனால் நீங்கள் வழமையாகப் போடும் இனமும் அதே பராமரிப்பில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒற்றை இனம் மட்டும் நிற்கும் தோட்டத்தில் எதுவும் அழகாகத்தான் இருக்கும்.

சாம்பல்தீவில் இருந்து: பெயர்ப் பலகை மழையில் அழிந்துபோகிறது, என்ன செய்கிறீர்கள்?

இதைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் எனக்கு ஒரு மார்கழியில் முழுப் போகமும் இதில்தான் போனது. மார்க்கர் பேனையால் மட்டையில் எழுதிக் குத்தியிருந்தேன். மூன்று நாள் அடைமழை, நான்காம் நாள் 16 பாத்தியிலும் வெள்ளை மட்டை. காய்த்தது நிறையத்தான், எது எதுவென்று தெரியாமல் சந்தைக்கு ஏற்றினேன். இப்போது குளிர்பானத் தகரக் குவளையை நாடாவாக வெட்டி, மை தீர்ந்த பேனையால் அழுத்தி எழுதுகிறேன், எழுத்துப் பள்ளமாக விழும், விரலால் தடவினாலும் வாசிக்கலாம். அதைக் கம்பியில் கட்டித் தடியோடு நடுங்கள். பாத்திகளின் படத்தைக் கொப்பியில் கீறி வீட்டில் வையுங்கள், கைபேசியிலும் ஒரு படம் எடுத்து வையுங்கள். பறிக்கிற அன்று ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு நிற வாளி கொடுங்கள், பறிக்க வரும் அக்காமார் பெயரை மறந்தாலும் நிறத்தை மறக்க மாட்டார்கள்.