வீல்சேர் வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

இந்த முறை, கையால் தள்ளும் வீல்சேர் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் பதில்.

கே: பக்கவாதம் வந்த அப்பாவுக்கு 18 அங்குல சீட் உள்ள வீல்சேர் வாங்கினோம். அவர் இடுப்பு 14 அங்குலம்தான் இருக்கும். ஒரு பக்கமாகச் சாய்கிறார், வழுக்கி வழுக்கிக் கீழே இறங்குகிறார். துப்பட்டாவால் கட்டி உட்கார வைக்கிறோம். "போகப் போகப் பழகிவிடும்" என்கிறார் கடைக்காரர்.
– வாசகி, கரூர்

ப: பழகாது, அம்மா. முதலில் துப்பட்டாவை அவிழ்த்துவிடுங்கள். அவர் வழுக்கும்போது அது வயிற்றிலிருந்து கழுத்துக்கு ஏறிவிடும். நாற்காலியைச் சரிசெய்யும் வரை பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும் உட்கார வையுங்கள்.

நம் ஊர் கடைகளில் வீல்சேர் என்றாலே பெரும்பாலும் 18 அங்குலம்தான். ஒல்லியான பாட்டிக்கும் அதுதான், வாட்டசாட்டமான ஆளுக்கும் அதுதான். செருப்புக்கு அளவு கேட்கிறவர்கள், நாள் முழுக்க உட்காரும் நாற்காலிக்குக் கேட்பதில்லை. எனக்கு இதில் வெகுநாளாகவே கோபம். ஆளை அளந்து, பொருத்திப் பார்த்து, பழக்கிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2008-லேயே வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. இன்னும் "ஸ்டாண்டர்டு சைஸ் சார்" என்றுதான் விற்கிறார்கள்.

அப்பாவைக் கெட்டியான நாற்காலியில் நேராக உட்கார வையுங்கள். இடுப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு புத்தகத்தை நிறுத்தி, நடுவில் உள்ள தூரத்தை அளங்கள். சுற்றளவு வேண்டாம், குறுக்களவுதான் வேண்டும். சீட்டின் அகலம் அதே அளவு, கூடிப்போனால் ஓர் அங்குலம் அதிகம். உங்கள் அப்பாவுக்கு நான்கு அங்குலம் சும்மா கிடக்கிறது, சாயத்தான் செய்வார். அப்புறம் ஆழம். முதுகு சாய்மானத்தில் படிந்திருக்கும்போது, முழங்காலின் பின்பக்கத்துக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். சீட் நீளமாகி அங்கே இடித்தால் இடுப்பு முன்னால் நழுவும்.

பாதம் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் தாழ்ந்திருந்தாலும் நழுவுவார். அதை நீங்களே சரிசெய்யலாம். மெத்தையைப் போட்ட பிறகு செய்யுங்கள், ஏனென்றால் மெத்தை ஆளை உயர்த்திவிடும். அப்பாவை இறக்கிவிட்டு, பிரேக் போட்டு, ஃபுட்ரெஸ்ட் குழாயின் போல்ட்டைத் தளர்த்தி ஏற்றி இறக்குங்கள். தொடை முழுவதும் சீட்டில் பதிய வேண்டும். முழங்கால் தூக்கிக்கொண்டு நின்றால் எடை முழுக்கப் பிட்டத்து எலும்பில் இறங்கிப் புண்ணாகும். தரையிலிருந்து இரண்டு அங்குலமாவது உயரம் இருக்கட்டும், இல்லையென்றால் நிலைப்படியில் மாட்டிக்கொள்ளும். இறுக்கியபின் கையால் நன்றாக அழுத்திப் பாருங்கள். நல்ல காலால் தரையை உந்தி அவரே நகர்கிறவர் என்றால் அந்தப் பக்க ஃபுட்ரெஸ்ட்டே வேண்டாம். குதிகால் தரையில் படும் அளவுக்கு சீட் தாழ்வாக இருந்தால் போதும்.

அளவுக்கேற்ற நாற்காலி கிடைக்கும்வரை இடுப்பின் இரு பக்கமும் கெட்டியான ஃபோம் வைத்து இடத்தை அடையுங்கள். ஒருமுறை பிசியோதெரபிஸ்ட்டிடம் உட்கார வைத்துக் காட்டுவது நல்லது.

கே: பிரேக் போட்டாலும் வண்டி நகர்கிறது.
– வாசகர், தென்காசி

ப: டயரில் காற்றை நிரப்பிவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.

கே: முதுகுத்தண்டில் அடிபட்ட தம்பிக்கு, பின் சக்கர அச்சை வெவ்வேறு துளைகளில் மாற்றி மாட்டக்கூடிய வீல்சேர் வாங்கினோம். வீடியோ பார்த்து, பின் சக்கரத்தைக் கடைசித் துளை வரை முன்னால் நகர்த்தினேன். பின்னால் இருந்த குட்டிச் சக்கரங்கள் வாசலில் இடித்ததால் கழற்றிவிட்டேன். சரிவில் ஏறும்போது மல்லாந்துவிட்டான்.
– வாசகர், ஓசூர்

ப: அந்தக் குட்டிச் சக்கரங்கள் இருப்பதே மல்லாந்து விழாமல் தடுக்கத்தான். இன்றைக்கே மாட்டுங்கள். வீடியோவில் இருப்பவரின் எடையும் உடல் வலுவும் வேறு, உங்கள் தம்பியுடையது வேறு.

சக்கரத்தை முன்னால் கொண்டுவந்தால் தள்ளுவது லேசாகும் என்பது உண்மை. எடை பின் சக்கரத்தின்மேல் வந்துவிடும். பின்னால் சாய்வதும் அதனால்தான். ஒரு தடவைக்கு ஒரு துளை மட்டும் நகர்த்துங்கள், இரண்டு பக்கமும் ஒரே துளை. பின்னால் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க, சமதரையில் சில நாள் ஓட்டட்டும். சாய்மானத்தில் பையை மாட்டினாலும் எடை பின்னால் போகும். சக்கரம் நகர்ந்தால் பிரேக்கையும் நகர்த்த வேண்டும், பழைய இடத்தில் இருந்தால் அது டயரைத் தொடாது. பின் சக்கரத்தை மேலும் கீழும் மாற்றினால் முன் சக்கரத்தின் தண்டு செங்குத்தாக நிற்கிறதா பாருங்கள். பட்டனை அழுத்திக் கழற்றும் அச்சு என்றால், மாட்டிய பிறகு சக்கரத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பாருங்கள். கையோடு வரக் கூடாது.

கே: நடுவில் ஓட்டை உள்ள வளைய மெத்தை போட்டால் புண் வராது என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கலாமா?
– வாசகி, நாகர்கோவில்

ப: வாங்காதீர்கள். இதையே சொல்லி என் அம்மாவுக்கும் ஒன்று விற்றார்கள். ஓட்டையைச் சுற்றியுள்ள தோலில் அழுத்தம் கூடி, வட்டமாகச் சிவந்துவிட்டது. கடையில் திருப்பி எடுக்கவும் இல்லை. சீட் முழுவதும் பரவும் நல்ல ஃபோம் மெத்தையோ காற்று மெத்தையோ வாங்குங்கள். எந்த மெத்தை போட்டாலும் அரை மணிக்கு ஒருமுறையாவது எடையை மாற்றி உட்கார வையுங்கள்.

கே: பாத்ரூம் கதவு 24 அங்குலம். புது வீல்சேர் 26. என்ன செய்வது?
– வாசகர், ஈரோடு

ப: வாங்கும் முன் கதவை அளந்திருக்க வேண்டும். இதே கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. 18 என்பது சீட்டின் அகலம். சக்கரமும் அதைச் சுற்றியுள்ள கைவளையமும் சேர்ந்தால் 25, 26 ஆகிவிடும். உட்காருகிறவர் தானே தள்ளுவதில்லை என்றால் வளையத்தைக் கழற்றிவிட்டு அளந்து பாருங்கள். தானே தள்ளுகிறவர் என்றால் அதைக் கழற்றாதீர்கள். பாத்ரூமுக்குத் தனியாகக் குறுகலான கமோடு நாற்காலி வாங்கிக்கொள்ளுங்கள்.

கே: வாங்கிய பத்தாம் நாள் ஃபிரேமில் வெல்டிங் விட்டுவிட்டது. பாட்டி விழப் பார்த்தார். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று இருப்பதைக் காட்டி விரட்டுகிறார்கள்.
– வாசகி, விருதுநகர்

ப: அந்த வரியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், சகோதரி. பழுதான பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாள் உங்களுக்கு உண்டு. விட்டுப்போன இடத்தைப் படம் எடுங்கள். நீங்களாக வெல்டிங் வைக்காதீர்கள், பாட்டியையும் அதில் உட்கார வைக்காதீர்கள். கடைக்கு எழுத்தில் கொடுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் நடத்தலாம்.

கே: அரசு முகாமில் மகளுக்குக் கொடுத்த வீல்சேர் மிகவும் பெரிது. இலவசமாக வந்ததைக் குறை சொல்லலாமா?
– வாசகி, திருவாரூர்

ப: சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். அது உங்கள் மகளின் உரிமை, யாரும் போட்ட பிச்சை இல்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு மகளையும் நாற்காலியையும் கூட்டிப்போங்கள். இடுப்பு அகலம், தொடை நீளம், முழங்காலிலிருந்து பாதம் வரை உயரம் மூன்றையும் மனுவில் எழுதி, அளவுக்கேற்றதாக மாற்றிக் கேளுங்கள். மனுவுக்கு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.